அடுப்புக்குள் எலப்புள்ளி வெயில்

ஜூன் பதினேழு, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மூணாறு மலையில், எங்கள் சின்னக்கானலில், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை சாரலாக இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்துக் கொய்யாமரம்கூடத் தெரியாத மூடுபனி. அப்போதுதான் என் பெல்லட் அடுப்பு பற்ற மறுத்தது.

மரத்தூளை அழுத்திச் செய்த, சாக்பீஸ் துண்டு போன்ற குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு அது. மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து பழசாக வாங்கியது. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் வீட்டில் இப்படி ஒரு சாமானா என்று லைன் வீட்டு ஆட்களெல்லாம் வந்து பார்த்தார்கள். (நாற்பத்து மூன்று பேர். எண்ணினேன்.)

"ஊர்க்கண்ணு பூரா இது மேலதான் இருக்கு. சுத்திப் போடணும்" என்றாள் மனைவி செல்வி. திருஷ்டி என்று ஒன்று கிடையாது என்று படித்தவன் என்ற முறையில் அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

கோடை முழுக்க அடுப்புக்கு ஓய்வு. அன்று அது எரிந்தே ஆக வேண்டும். கீழே வெயில் காயும் பாலக்காட்டுச் சமவெளியில், எலப்புள்ளியில் வாழ்க்கைப்பட்ட என் மகள், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பெற்ற குழந்தையோடு முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். கூடவே சம்பந்தியம்மா. மலைக்குளிர் கைக்குழந்தைக்கு ஆகாது என்று அவர் போனில் தயங்கியபோது, எங்கள் வீட்டுக்குள் எலப்புள்ளி வெயிலே அடிக்கும் என்று வீறாப்பு பேசியிருந்தேன். வந்து பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் அதே காரில் பேத்தியோடு திரும்பிவிடுவேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

பொத்தானை அழுத்தினால் விசிறி முனகும், கொஞ்சம் புகையும், சிவப்பு விளக்கு சிமிட்டும், எல்லாம் அணையும். சாம்பலைச் சுரண்டினேன். பதினெட்டுத் திருகாணிகளைக் கழற்றி, துடைத்து, பதினேழை மாட்டினேன். (மிச்சம் ஒன்று இன்றும் என் மேசைக்குள் இருக்கிறது.) பற்றவைக்கும் கம்பிதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஜீப் பிடித்து மூணாறு போய், அந்த விடுதியின் பழைய எலக்ட்ரீஷியனிடம் புதுக் கம்பி வாங்கி வந்தேன். அதற்கும் மசியவில்லை. ஆகவே குச்சிகள் நமுத்திருக்க வேண்டும். வெயிலுக்கு எங்கே போவது? வாணலியில் போட்டு வறுத்தேன்.

"இதையும் தாளிச்சிரவா?" என்றாள் செல்வி.

ஒரு மணிக்குக் கார் வந்தது. அதே நிமிடம் வறுத்த குச்சிகள் பற்றின. ஆனால் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதுமே குழந்தை இரண்டு முறை தும்மியது. சம்பந்தியம்மா அதை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"கண்ணு, பையை எறக்க வேண்டாம். நம்மூட்டுக்கே போயிறலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். குழந்தையை வாங்க நீட்டிய கையோடு செல்வி நின்றாள். கார்க் கதவைத் திறந்த சம்பந்தியம்மா எதற்கோ நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பொகைக்கொழா மேல அதென்னுங்க, மீசை வெச்ச சட்டி?"

பனி சற்று விலகியிருந்தது. குழாயின் உச்சியில், கரிபூசிய உடம்பும் வெள்ளைப் புள்ளிகளுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்திருந்தது ஒரு திருஷ்டிச் சட்டி. ஏப்ரலில் காற்று குழாயின் மூடியைக் கொண்டுபோனபோது, செல்வி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி நானே கவிழ்த்தது. அதோடு மறந்தும் போனேன். (மழைக்கு மூடியாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். இதுவரை ஒருவரும் நம்பவில்லை.)

"அப்ப எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தது?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். சிரிப்பு தாங்காமல் குழந்தையைச் செல்வியின் கையில் கொடுத்துவிட்டுக் காரைப் பிடித்துக்கொண்டார். நான் தொரட்டியால் சட்டியைத் தட்டினேன். அது விழுந்து உடைய, அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்து எரிந்தது. மூன்று மணிக்குச் சம்பந்தியம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார். "எலப்புள்ளி வெயிலெல்லாம் இல்லீங்க. மார்கழி மாசத்து எலப்புள்ளின்னு வேணா சொல்லலாமுங்க." பிறகு டிரைவரிடம் பைகளை இறக்கச் சொன்னார்.

பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. டிவி வராவிட்டாலும் குழாயில் தண்ணீர் நின்றாலும், எலப்புள்ளிப் பேச்சில் என்னைத்தான் கேட்கிறாள்: "தாத்தா, மேல சட்டி இருக்குதான்னு பாத்தீங்களா?"

செல்வி புதுச் சட்டி ஒன்று வாங்கி, என் அறை வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள். அது அறுபது ரூபாய். ஜீப்பும் கம்பியும் சேர்த்து, ஆகமொத்தம் மூவாயிரத்து நானூற்று அறுபது.