அனுமதியின்றி உயிர்ப்பித்த குற்றம்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் கட்டடங்களை வைத்து அளப்பவர்கள் விவரம் அறியாதவர்கள். படிவங்களை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், தேசிய மருத்துவக் கருவி நிதியத்தின் பதினேழாம் எண் படிவத்தை மிஞ்சிய நாகரிகம் இந்தப் பூமியில் இன்னும் தோன்றவில்லை.

படிவத்தின் பெயர் 'நிரந்தரச் செயலிழப்புச் சான்று'. ஓர் அரசு மருத்துவமனைக்குப் புதுக் கருவி வேண்டுமானால் பழைய கருவி செத்திருக்க வேண்டும். சும்மா செத்தால் போதாது. தொண்ணூறு நாள் தொடர்ந்து செத்தே கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் கண் விழித்தாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். தொண்ணூறும் முடிந்த பிறகு ஒரு குழு வந்து பார்த்து, இனி உதவாது என்பதை ஆங்கிலத்திலிருந்து சுருக்கி, 'கண்டம்' என்று முத்திரை குத்தும். மனிதருக்குக் கண்டம் என்றால் எப்படித் தப்பலாம் என்று பார்ப்பார்கள். கருவிக்குக் கண்டம் வர மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்த உன்னத ஏற்பாட்டுக்குக் குறுக்கே நின்றவர் ஒரு மாவட்ட மருத்துவமனையின் கருவி மெக்கானிக். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி வைத்திருப்பார். அதனால் ஊழியர்கள் அவரைத் 'திருப்புளியார்' என்றார்கள். பெயரிலேயே முன்னால் 'திரு' இருந்ததால் தனியாக மரியாதை கொடுக்கும் சிரமமும் மிச்சம்.

அங்கே பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒரே ஒரு வார்மர் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்கவைத்து மேலிருந்து சூடு கொடுக்கும் கட்டில். வயது பத்தொன்பது. அதன் சக்கரங்கள் ஒரு குமாஸ்தாவின் நாற்காலியிலிருந்து வந்தவை. டைமர் ஒரு சலவை இயந்திரத்தினுடையது. கம்பெனிக்காரன் செய்தது என்று மிஞ்சியிருந்தது பெயர்த் தகடு மட்டும்தான். மாதம் இரண்டு முறை அது மூச்சை நிறுத்திக்கொள்ளும். திருப்புளியார் ஒரு மணி நேரத்துக்குள் மீட்டுவிடுவார். பதினோரு வருடமாக அந்த வார்மரால் நிம்மதியாகச் சாக முடியவில்லை.

வார்டு சிஸ்டர் சளைக்காமல் விண்ணப்பம் அனுப்புவார். 'இயங்குகிறது, எனவே தேவையில்லை' என்று அது சளைக்காமல் திரும்பி வரும்.

ஒரு நாள் நிதியத்தின் இயக்குநரே சுற்றுப்பயணம் வந்தார். அன்று காலை பார்த்து வார்மர் நின்றுபோனது. சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதுல கைய வைக்காதீங்க. டைரக்டர் கண்ணால பாத்துட்டா தொண்ணூறு நாளும் தள்ளுபடியாம்."

"நான் ஏன் சிஸ்டர் வைக்கப்போறேன்? இதோ, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

உண்மையாகவே கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். விரல்கள் அக்குளுக்குள் இருந்தன. பத்து நிமிடம் அப்படியே கழிந்தது. பிரசவ அறையிலிருந்து துணியில் சுற்றி ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோ இருநூறு. உதடு நீலம் பாரித்திருந்தது. சிஸ்டர் அதை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருப்புளியாரைப் பார்த்தார். திருப்புளியார் குழந்தையைப் பார்த்தார்.

"டார்ச்சை இப்படிப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

பதினோரு நிமிடம். சூட்டுக் கம்பி சிவந்து எரிய ஆரம்பித்த அதே நொடியில் இயக்குநர் தம் பரிவாரத்துடன் உள்ளே வந்தார். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் குனிந்து பார்த்தார்கள்.

"ஓடுதே!" என்றார் இயக்குநர்.

"ஓடுது சார்" என்றார் சிஸ்டர், துக்கம் சொல்லும் குரலில். "இவர்தான் ஓட்டுறாரு."

இயக்குநர் நெகிழ்ந்தார். திருப்புளியாரின் கரி படிந்த கையைப் பிடித்து மற்ற ஏழு பேருக்கும் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை இருக்கே, இது நூறு டெண்டருக்குச் சமம்!"

"சார், புதுசு ஒண்ணு..."

"புதுசு எதுக்கும்மா? பழசே இவ்வளவு நல்லா இருக்கே!"

திறமையைக் கண்டால் சும்மா விடுகிற வழக்கம் நிதியத்துக்கு இல்லை. ஒரே மாதத்தில் திருப்புளியாருக்குச் 'சிக்கனச் செம்மல்' பட்டம் வந்தது. அதே உறையில் மாற்றல் உத்தரவும் வந்தது. இனி அவர் தலைமை அலுவலகத்தில் 'தேசிய உயிர்ப்பிப்பு ஆலோசகர்'. அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போடும் எண்ணம் நிதியத்துக்கு இல்லை. அவ்வளவு நன்றாக ஓடுகிற கருவிக்கு மெக்கானிக் எதற்கு?

மனைவி இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்தாள்.

"உங்களைப் பாராட்டறாங்களா, நாடு கடத்தறாங்களா?"

"ரெண்டுலயும் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

தலைமை அலுவலக வாசலில் காவலர் அவருடைய திருப்புளியை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். 'கூர்மையான பொருள்' உள்ளே போகக்கூடாதாம். கூர்மையான எதுவும் உள்ளே போகவில்லை என்பது முதல் கூட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அது 'வார்மர் தட்டுப்பாடு குறித்த ஒன்பதாவது ஆய்வுக் கூட்டம்'. நீளமான ஹாலின் ஒரு பாதியில் நடந்தது. மறுபாதியை மறைத்துக் கழுத்தளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டிகள்மேல் தேநீர்த் தட்டு இருந்தது, பூ ஜாடி இருந்தது. ஜாடிக்குக் கீழே பெட்டியில் அச்சடித்திருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சார், இது என்ன?"

"தடுப்பு" என்றார் இயக்குநர்.

"உள்ள?"

"வார்மர். நாப்பத்திரண்டு. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. நிதியாண்டு முடியறதுக்குள்ள வாங்கலேன்னா ஒதுக்கீடு கைவிட்டுப் போயிடும் இல்லையா?"

"அப்ப தட்டுப்பாடுன்னு..."

"தட்டுப்பாடு ஆஸ்பத்திரியில. இருப்பு இங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அனுப்பிடலாமே சார்."

"யாருக்கு அனுப்பறது? இதுவரைக்கும் ஒரு ஆஸ்பத்திரிகூடத் தொண்ணூறு நாளை முடிக்கல. ஒட்டுப் போட்டு ஓட்டிடறாங்க. இல்லேன்னா எங்கயாவது போய்க் கைமாத்தா வாங்கி வெச்சுக்கறாங்க. பொறுமைங்கறதே கிடையாது. இறப்பு வந்தாத்தான் இருப்பு நகரும்!"

சுற்றியிருந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். கூட்டம் தட்டுப்பாட்டை ஆழ்ந்து ஆராய்ந்தது. பத்தாவது கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கலைந்தது.

ஐந்து வாரம் ஆயிற்று. திருப்புளியார் பேனா பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் போன் செய்தார்.

"அண்ணே, வார்மர் நின்னு இன்னியோட இருபத்து மூணு நாள்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தொண்ணூறு நாள் தள்ளிட்டா புதுசு வந்துடும்னு பாத்தேன். அம்மாக்காரிங்க நெஞ்சுலயே போட்டு அணைச்சு எப்படியோ சமாளிச்சோம். நேத்து ஒண்ணு பொறந்தது. தொள்ளாயிரம் கிராம். அம்மாவுக்கு நினைவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பினேன். பாதி வழியிலயே திரும்பி வந்துட்டாங்கண்ணே."

ஆம்புலன்ஸ் எதற்காகப் பாதி வழியில் திரும்பும் என்பது அவருக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு, "எந்த விளக்கு எரியுது? மஞ்சளா, சிவப்பா?" என்று கேட்டார். மஞ்சள் என்றார் சிஸ்டர். மஞ்சள் என்றால் சூட்டை அளக்கும் சென்சார் போய்விட்டது என்று அர்த்தம்.

இயக்குநரிடம் போனார். இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இருபத்து மூணா! நாட்டிலேயே உங்க ஊர்தான் முதல்ல வரப்போகுது! இன்னும் அறுபத்தேழே நாள். எப்படியாவது இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

"சார், ஒரு குழந்தை செத்துப்போச்சு."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர், உண்மையாகவே வருந்தினார். மேசையிலிருந்த பதினேழாம் எண் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே" என்றார்.

மதிய உணவு நேரம். கூட்ட அறையில் ஆள் இல்லை. திருப்புளியார் கடைசி வரிசையில் ஒரு பெட்டியை இறக்கினார். திருப்புளி வாசலில் இருந்ததால் ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகுகளைக் கழற்றினார். சென்சாரை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். பிறகு திருகுகளை மறுபடி முடுக்கி, பெட்டியை ஒட்டி, பழைய இடத்திலேயே ஏற்றிவைத்தார். திருடும்போதுகூட அரைகுறையாக வேலை செய்ய அந்தக் கைக்குத் தெரியவில்லை. வாசலில் டோக்கனைக் கொடுத்துத் திருப்புளியை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் வார்மர் எரிந்தது.

"இருபத்து நாலு நாளும் போச்சேண்ணே!" என்றார் சிஸ்டர். சொல்லிக்கொண்டே ஓடிப்போய் ஒரு தாயின் நெஞ்சிலிருந்து குழந்தையை வாங்கி வந்து விளக்கடியில் கிடத்தினார். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள்.

"லீவு சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. இனிமே அவசரமாக் கிளம்பற வேலை இருக்காது."

அவள் சொன்னபடியே ஆயிற்று. பத்தே நாளில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஒன்று, அனுமதியின்றித் தலைமையிடம் நீங்கியது. இரண்டு, தடுப்பின் ஒரு பகுதிக்குச் சேதம் விளைவித்தது; அந்த ஒரு பெட்டியின் ஒட்டு மட்டும் புதிதாக இருந்ததாம். மூன்றாவதுதான் பெரிது: 'முறைப்படி செயலிழந்துகொண்டிருந்த அரசுச் சொத்தை அனுமதியின்றி உயிர்ப்பித்து, அதன் இருபத்து நான்கு நாள் உழைப்பை வீணாக்கியது.'

விசாரணையை இயக்குநரே நடத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, மனவேதனைதான் இருந்தது.

"உங்களுக்குப் பட்டம் குடுத்தவனே நான்தான். நீங்களே இப்படிப் பண்ணலாமா? உயிர்ப்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை அனுமதி கேக்க வேணாமா?"

"கேக்கணும்னு தெரியாது சார். சாகவிடறதுக்கு நீங்க யார்கிட்டக் கேட்டீங்க?"

அந்த வாக்கியம் குறிப்பேட்டில் 'பொருத்தமற்ற பதில்' என்று பதிவாயிற்று. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

இப்போது சலவை இயந்திரம் பழுது பார்க்கிறார். மருத்துவமனைக்குள் ஊழியராக நுழைய முடியாது. ஆனால் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை நோயாளியைப் பார்க்க யாரும் வரலாம். மாதம் இரண்டு முறை, கையில் ஒரு பழப்பையோடு, அவர் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு வருகிறார். "எந்த நோயாளியப் பாக்கணும்?" என்று வாசலில் கேட்டால், "இருபது வயசு. மாமூலா படுத்துக்கற ஆளு" என்கிறார். பையில் பழம் மேலாக மட்டும்தான்; அடியில் இருப்பது திருப்புளி.

நிதியமும் சும்மா இருக்கவில்லை. சேதமான பெட்டியைத் திறந்து பார்த்ததில், சென்சார் இல்லாத அந்த வார்மர் ஓடாது என்று தெரியவந்தது. பழுது பார்க்கலாம் என்றால் 'தேசிய உயிர்ப்பிப்பு ஆலோசகர்' பதவி காலி. ஆகவே யாரும் அதைத் தொடவில்லை. ஒரு நாள்கூடக் கண் விழிக்காமல் அது தொண்ணூறு நாளும் கட்டுப்பாடாகச் செத்துக் கிடந்தது. குழு பக்கத்து அறையிலிருந்து நடந்து வந்து பார்த்து 'கண்டம்' என்று முத்திரை குத்தியது. பதினேழாம் எண் படிவம் முதன்முறையாக முழுமை பெற்றது. விதிப்படி நாட்டின் முதல் புது வார்மர் தலைமை அலுவலகத்துக்கே வழங்கப்பட்டது. பக்கத்துப் பெட்டியை ஒரு முழம் நகர்த்தி வைத்தார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

திட்டத்தின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புது வார்மர் வைத்த இடத்தில் இன்றுவரை ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்று நிதியத்தின் ஆண்டறிக்கை பெருமையோடு தெரிவிக்கிறது.