பேச்சியம்மாள் கொடுத்த கட்டில்

சிடுமூஞ்சி டாக்டருக்குக் கைராசி அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எழுபதுகளின் கடைசியில் போடியில் என் பிழைப்பு அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. கைராசி இருந்ததா, தெரியாது. சிடுசிடுப்புக்குக் குறைவே இல்லை.

கும்பகோணத்திலிருந்து வந்தவன் நான். ஏலத்தோட்டத்திலிருந்து யார் இறங்கி வந்தாலும் எனக்கு ஒரே எண்ணம்தான்: லீவுச் சீட்டுக்காக வயிற்றுவலி நாடகம். (மலை ஜீப்பில் இருபது பேரோடு நசுங்கி வந்த பிறகு நடிக்க யாருக்குத் தெம்பிருக்கும் என்று யோசிக்கிற மூளை அப்போது இல்லை.) தோட்டத்தில் வேலை பார்த்த பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் தொட்டுப் பார்க்கவில்லை. "நடிப்புக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா" என்று ஓமத்திரவம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் அவருடைய கணவர் வேலுச்சாமி வந்து நின்றார்.

"படுத்த படுக்கையா கெடக்குறா டாக்டரய்யா. ஜீப்புல ஏத்தப் பயமா இருக்கு. வெரசா வாங்க."

நடிப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் காலையில் தின்ற இட்லி அத்தனையும் வெளியே போனது. ஜீப்பு நின்ற இடத்திலிருந்து ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு மைல் நடை. சாரல் வேறு. வேலுச்சாமி புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து நீட்டினார்.

"கால்ல பூசிக்கங்கய்யா. அட்ட ஏறிப்புடும்."

"டாக்டருக்கே வைத்தியமா?" என்றேன். (அட்டை கடித்தால் ரத்தம் உறையாது என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன் நான்.) ஷூ போட்டவனை அட்டை என்ன செய்துவிடும் என்று விறுவிறுவென்று நடந்தேன்.

தொழிலாளர் குடியிருப்பின் வாசலில் ஷூவைக் கழற்றினால், வெள்ளை சாக்ஸ் இரண்டும் சிவப்பு. கால்சட்டையைத் தூக்கினால், முழங்கால் வரை திராட்சைக் குலை மாதிரி அட்டைகள். அடுத்தவர் ரத்தத்தை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சொந்த ரத்தம் வேறு சங்கதி. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வாழைமரமாகச் சாய்ந்தேன்.

"ஏ அப்பு, கண்ணத் தொறய்யா... இந்தா, அந்தப் புகையிலத் தண்ணியக் கொண்டா." மகனை எழுப்புவது போல ஒரு பெண்குரல்.

கண் திறந்தேன். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் நான் மல்லாந்து கிடந்தேன். அதுவரை அதில் படுத்திருந்த பேச்சியம்மாள் எனக்காக இறங்கி, தரையில் சுருண்டு உட்கார்ந்து, ஒரு கையால் தன் வயிற்றை அமுக்கிக்கொண்டு, மறு கையால் என் காலிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அனலாகக் கொதித்தது. காய்ச்சலை யாராலும் நடிக்க முடியாது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுந்து, அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, நாலு நாள் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வலது அடிவயிற்றில் கை வைத்ததும் துடித்துப்போனார். குடல்வால் அழற்சி. இன்னும் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. கம்பளியில் கிடத்தி ஜீப்பு வரைக்கும் சுமந்தோம். ஒரு முனை என் தோளில். இறங்குகிற வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

"பயப்படாதீக டாக்டரய்யா, பொழச்சுக்குவா" என்று வேலுச்சாமிதான் எனக்குத் தைரியம் சொன்னார்.

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. பேச்சியம்மாள் பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு போடிக்கு இறங்கும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவார். நோயாளிகள் நிறைந்த வராந்தாவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பார்: "என்ன அப்பு, இப்பல்லாம் மயக்கம் வர்றதில்லையே?"

என் மனைவிக்கு இது போதாதா? இன்றைக்கும் வீட்டு முன்னறையில் நான் எந்த நோயாளியிடமாவது எரிந்து விழுந்தால், உள்ளிருந்து அவள் குரல் வரும்: "ஏங்க, கட்டிலப் போடட்டுமா?"

நான் வாயை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். (தலைவலி என்று வந்தவராக இருந்தாலும் சரி.)