ஐம்பத்தோராவது தட்டு

“வேணி, அந்த வெள்ளிக் கூடைய மட்டும் குடும்மா.”

“எதுக்குண்ணே?”

குருமூர்த்திக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. அரியலூரில் ஒரு பழைய ஜமீன் குடும்பத்தின் அலங்காரப் பொருள் காட்சியகத்துக்கு அவர் காப்பாளர். அங்கிருந்த சீமைக் கூடை அது. வயது இருநூற்று முப்பது என்று அட்டையில் எழுதியிருந்தது.

தங்கை வேணியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரை எண்ணிப் பார்த்தால் ஐம்பது தட்டு. இரட்டைப்படை ஆகாது. கடைசி நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கூடையில் ஆப்பிளை அடுக்கி, ஜெயங்கொண்டம் கொண்டுபோய்விட்டார். வாடகைத் தட்டுகள் மறுநாளே திரும்பிவிட்டன. கூடை வரவில்லை. நாளைக் காலை அதைச் சோதிக்கச் சென்னையிலிருந்து நிபுணர் வருகிறார். கூடை இல்லையென்றால் குருமூர்த்திக்கு வேலை இல்லை.

“பேர் வெட்டிக் கொண்டாரேன்” என்றார்.

“நேத்து அரியலூர் வந்தப்பவே வெள்ளைச்சாமி பட்டறையில வெட்டியாச்சுண்ணே! பாரு.”

பார்த்தார். ‘தாய்மாமன் குருமூர்த்தி சீர், அரியலூர்.’ திருட்டுப் பொருளில் பொதுவாகக் கைரேகைதான் கிடைக்கும். இதில் ஊரும் உறவும் சேர்ந்தே இருந்தன.

“வெள்ளி தரமில்லம்மா. மாத்திக் கொண்டாரேன்.”

உள்ளிருந்து தங்கை கணவர் கிருஷ்ணமூர்த்தி வந்தார்.

“ஊரக் கூட்டி வச்ச சீரு, தரமில்லாத வெள்ளியா மச்சான்?”

“அப்படி இல்ல மாப்ள…”

“எங்கம்மா காதுல விழுந்தா என்ன ஆவும்?”

விழுந்துவிட்டது. வேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பையனுக்கு ஒரு பவுன் சங்கிலி போடுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கூடை கைக்கு வந்தது.

அதை மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்து, நின்று நின்று போன பஸ்ஸில் அரியலூர் வந்து, நேரே வெள்ளைச்சாமியின் வெள்ளிப் பட்டறைக்குள் நுழைந்தார்.

“நீங்க வெட்டுன பேரு. அழிச்சிடுங்க.”

“அழிச்சா அந்த எடம் தேஞ்சு தெரியும் சார்.”

“தெரியக் கூடாதுங்க! காட்சியகத்துப் பொருளு. எரநூத்தி முப்பது வருசத்துக் கூடை. என் பொழப்பே இதுலதான் இருக்கு.”

வெள்ளைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பயப்படாதீங்க சார், வேற ஒண்ணு அடிச்சுத் தரேன். அசலு ஒங்களுக்கு முன்னாடி இருந்த சாரு தங்கச்சி வூட்டுச் சீரோட போயிடுச்சு, இதையே நான்தானே அவருக்கு அடிச்சுக் குடுத்தேன்.”