வானவில்லைச் சுற்றிய விமானியின் அத்தான்

ஒரு விமானி நடுவானில் முழு வட்டமாக ஒரு வானவில்லைப் பார்த்தாராம். பார்த்தவர் சும்மா போகவில்லையாம். "பாவம், பயணிகளும் பார்க்கட்டுமே" என்று இருநூறு பேரோடு விமானத்தைத் திருப்பி, அந்த வானவில்லை இரண்டு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் தன் வழியே போனாராம்.

இந்தச் செய்தியை நம் நாயகருக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். சொன்ன நேரத்தில் நாயகரின் வாயில் பஞ்சு, ஒரு குழாய், ஒரு குட்டிக் கண்ணாடி, டாக்டரின் இரண்டு விரல்கள் எல்லாம் இருந்தன.

"பைலட்டோட சொந்தக்காரர் ஒருத்தரே சொன்னாராம் சார். பக்கத்து சீட்ல உக்காந்து பார்த்த மாதிரி சொன்னாராம்," என்றார் டாக்டர்.

நாயகர் "ஆ" என்றார். அந்த "ஆ"வுக்குள் இரண்டு விஷயங்கள் அடைபட்டுக் கிடந்தன. ஒன்று, அந்தச் சொந்தக்காரர் நான்தான். இன்னொன்று, நான் சொன்னது ஒரே சுற்று. இரண்டு சுற்று என்பது அப்பட்டமான புளுகு. பொறுக்க முடியாமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆமா, ஒரே ஒரு பல்லுதான். பயப்படாதீங்க," என்றார் டாக்டர்.

வாசகரே, இப்படியாக உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தும் இந்த உயிரினத்தின் பெயர் "விமானியைத் தெரிந்தவர்". உலகத்தில் விமானிகள் எத்தனை பேர் என்று முயன்றால் எண்ணிவிடலாம். விமானியைத் தெரிந்தவர்களை எண்ண முடியாது. ஒரு விமானிக்கு நாற்பது பேர் வீதம், சொந்தம், அடுத்த வீடு, கூடப் படித்தவர், கூடப் படித்தவரின் ஒன்றுவிட்ட தம்பி என்று வேர் விட்டுக் கிளை விட்டுப் பரவியிருப்பார்கள். விமானி ஆகாயத்தைப் பார்ப்பார். இவர்கள் விமானியைப் பார்ப்பார்கள். நாம் இவர்களைப் பார்த்தாக வேண்டும், வேறு வழியில்லை, ஏனென்றால் நமக்கும் கதவுக்கும் நடுவில் நிற்பது இவர்கள்தான்.

நாயகரின் தொழில் லிஃப்ட் பரிசோதனை. காலை எட்டு மணிக்குக் கையில் டார்ச்சோடு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நுழைந்தால், கம்பிக் கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு மூடும்போது கைக்கு வழிவிடுகிறதா, அவசர மணி அடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பத்தொன்பதாம் மாடிவரை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சாயங்காலம் தரைக்கு வந்து சேருவார். நாள் முழுக்க உயரத்தில்தான் இருக்கிறார். ஆனால் லிஃப்டுக்கு ஜன்னல் கிடையாது.

போதாக்குறைக்கு, பிழைக்க வந்த இடம். பிறந்த இடத்தில் "இன்னார் மகன்" என்றால் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போடுவார். இங்கே இன்னார் மகன் என்றால் "ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்கிறார்கள். இரண்டு மொழியில் படித்தும் இரண்டிலும் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு முழு வாக்கியம் தேறாத மனிதர், வாராவாரம் நண்பர்கள் கூடும் வீடுகளில் சோபாவின் ஓரத்தில் தட்டை ஏந்தி உட்கார்ந்திருந்தார். நான்கு வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது வருடம் ஒரு நாள், பேச்சு எப்படியோ பயணத்துக்குத் திரும்பியபோது, அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் விழுந்தது:

"என் மச்சினன் பிளேன் ஓட்டறான்."

அறையில் இருந்த பதினோரு தலைகளும் திரும்பின. அன்றைக்கு அவர் எழும்பியவர்தான். இன்னும் தரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. மழை, வெயில், விடுமுறை, காது அடைப்பு, எதைப் பற்றி யார் பேசினாலும் சரி, "கீழேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்று தொடங்குவார். பரிமாறும் கரண்டி விமானமாகும். கவிழ்த்த கிண்ணம் மேகமாகும். அந்த வீட்டுக்காரி கிண்ணத்தை எடுக்க வந்தால், "இருங்க, உள்ளே இடி இருக்கு" என்பார். புயல் மேகத்துக்குள் மின்னல் வெட்டுவதை மேலிருந்து பார்த்தால் இருட்டு வீட்டில் அறைக்கு அறை விளக்குப் போட்டு அணைப்பது போல இருக்கும் என்பார். மேற்கே விரைந்து போனால் மறைந்த சூரியன் வெட்கமில்லாமல் திரும்ப மேலே வரும் என்பார். விமானத்தின் முன்கண்ணாடியில் ஊதா நிறத்தில் மின்சாரம் நரம்பு நரம்பாக ஓடும், கையை வைத்தால் விரலைத் தேடி வரும் என்பார். "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். பார்த்தவர்கள்தான் அப்படி மூடுவார்கள்.

உண்மையில் இவர் விமானத்தில் எப்படிப் போவார் தெரியுமா? நடைபாதை ஓர சீட். ஜன்னலோரத்தில் இருப்பவரிடம் கெஞ்சி மறைப்பை இறக்கச் சொல்லிவிடுவார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறக்கைக்குப் பக்கத்தில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு லிஃப்ட் பரிசோதகரின் காதால் கேட்டுக்கொண்டு, மேகம் என்ற வஸ்துவை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒன்பது மணி நேரம் போய் இறங்குவார்.

சரி, சரக்கு எங்கிருந்து வந்தது? மைத்துனரிடமிருந்து. அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்கு வருவார். வந்தால் குளிப்பார், தூங்குவார், எழுந்து சாப்பிடுவார். நாயகர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"அப்புறம்? என்ன பார்த்தே?"

"ரன்வே, அத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"மேகம்."

"எப்படி இருந்தது மேகம்?"

"மேகம் மாதிரிதான் இருந்தது. அக்கா, இன்னும் கொஞ்சம் சாதம்."

ஒருமுறை அவரே, கேட்காமலே, ஒன்று சொன்னார். விடியும் நேரத்தில், கரையே தெரியாத கடலில், ஒரே ஒரு படகு. அதில் ஒரே ஒரு விளக்கு. கீழே யாரோ அதை அணைத்தார்கள். "அவ்வளவு உயரத்துலேருந்து எப்படித்தான் தெரிஞ்சுதோ. 'ஓ, அவருக்கு விடிஞ்சிடுச்சு'ன்னு நெனச்சேன் அத்தான்," என்றார். நாயகர் மரியாதைக்குத் தலையாட்டினார். படகு, விளக்கு, இதை வைத்துக்கொண்டு எந்த சோபாவில் யாரைத் திருப்புவது?

வானவில்லும் அப்படித்தான் வந்தது. "கீழே மேகத்து மேல ஒரு வானவில். முழு வட்டம். நடுவுல நம்ம பிளேனோட நிழல்," என்று சொல்லிவிட்டு மைத்துனர் தண்ணீர் குடித்தார். கதை முடிந்தது. முதல் வாரம் நாயகர் இதை உள்ளது உள்ளபடியேதான் சொன்னார். ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாம் வாரம் துணை விமானியாக இருந்த மைத்துனருக்குத் தலைமை விமானியாகப் பதவி உயர்வு கொடுத்தார். மூன்றாம் வாரம் விமானத்தையே திருப்பினார். எட்டுப் பேர் "அய்யோ!" என்றார்கள். வாசகரே, எட்டு "அய்யோ" கிடைத்த பிறகு விமானத்தை நேராக ஓட்ட யாருக்கு மனசு வரும்?

பல் டாக்டரிடமிருந்து வீங்கிய கன்னத்தோடு வீடு திரும்பியபோது, அவருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஆத்திரம். தன் சரக்கு ஊரெல்லாம் போகிறது. ஆனால் ஊர் கலப்படம் செய்கிறது. அன்று மாலையே மைத்துனர் கூப்பிட்டார். வழக்கமாக அக்காவைத்தான் கூப்பிடுவார்.

"அத்தான், நான் பிளேனைத் திருப்பினேன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் ஒரு சுத்துதான்பா சொன்னேன். இன்னொண்ணு யாரோ சேர்த்தது."



"அதைச் சுத்தவே முடியாது அத்தான். அது நம்ம நிழலைச் சுத்தி விழறது. நாம எங்க போனாலும் கூடவே வரும்."

நாயகர் மனசில் முதலில் தோன்றியது என்ன என்று நினைக்கிறீர்கள்? வெட்கமா? பயமா? "அடடா, நல்ல வரியா இருக்கே, சனிக்கிழமை சொல்லலாம்" என்பதுதான். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

விஷயம் இது. கதை கைமாறிக் கைமாறி, அந்த விமானத்திலேயே பயணம் செய்த ஓர் அம்மாளின் காதுக்குப் போயிருக்கிறது. அவருக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. விமானம் சாய்ந்தது ஞாபகம் வந்தது. காபி மடியில் கொட்டியது ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டார். அவர்கள் பதிவுக் கருவியைப் பார்த்தார்கள். விமானம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போயிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால், "விமானியின் அத்தானே சொன்னார்" என்று கடிதத்தில் இருந்ததே. அன்று ஓட்டிய இருவரில் அத்தான் உள்ளவர் நம் மைத்துனர் மட்டும்தான். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிற ஆளா இவர்? இவரிடமா ஒரு விமானத்தை ஒப்படைப்பது?

"பதினோரு வருஷமா வலது பக்க சீட்டுல உக்காந்திருக்கான்," என்றாள் மனைவி. "கேப்டன் சீட் இடது பக்கம். நடுவுல ஒரு அடிகூட இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை அவன் அங்க உக்காருவானா இல்லையான்னு முடிவு பண்றாங்க. நீங்க எத்தனை சுத்து சுத்தவிட்டீங்க?"

"ஒண்ணுதான்…"

"வாயை மூடுங்க. நாளைக்கு மூணு மணிக்கு அவங்க ஆபீஸ்லேருந்து உங்களைக் கூப்பிடுவாங்க. தம்பிதான் நம்பர் குடுத்திருக்கான். 'அத்தான் உண்மையைச் சொல்லிடுவாரு'ன்னு சொன்னானாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் நாயகரைக் கொஞ்சம் அசைத்தது. உண்மையைச் சொல்வது பெரிய காரியமில்லை. சொன்ன பிறகு சனிக்கிழமை எங்கே உட்காருவது? அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் இருவர் அந்த சோபாவிலேயே இருக்கிறார்கள். மூன்றே காலுக்கு ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அவர் மறுபடியும் தட்டை ஏந்திய லிஃப்ட் பரிசோதகர்தான்.

இருந்தாலும் மறுநாள் லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். சொல்ல வேண்டியது ஒரு வரி. பன்னிரண்டு மணிக்கு அது ஒரு பத்தியாகியிருந்தது. இரண்டு மணிக்கு ஒன்றரைப் பக்கம். இரண்டாம் பத்தியில் எங்கிருந்தோ ஒரு புயல் வந்து சேர்ந்திருந்தது. தன் இளமைக் காலத்து ஏமாற்றம் ஒன்றும் எட்டிப் பார்த்தது. மனைவி வந்து படித்தாள். கிழித்தாள்.

"'அவர் சொல்லல. நானே கட்டினேன்.' நாலே நாலு வார்த்தை. சொல்லுங்க பார்ப்போம்."

"அவர் சொல்லல. நானே கட்டினேன்… ஆனா, எதுக்குக் கட்டினேன்னா…"

"எதுக்குன்னு யாரும் கேக்கல."

மணி மூன்று. போன் அடிக்கிறது. மேசையில் அது நடுங்கி நடுங்கி ஓரத்தை நோக்கி நகர்கிறது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "எடுங்க," என்கிறாள். நாயகரின் கை நீளுகிறது. நான்கு வார்த்தைகளும் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு, "அன்னிக்கு என்ன ஆச்சுன்னா சார்" முன்னால் வந்து நிற்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வரும் வாரம் நீங்களும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு சோபாவில் உட்கார்ந்திருப்பீர்கள். பேச்சு எப்படியோ பயணத்துக்குத் திரும்பும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அவர் மச்சினன் பைலட்" என்று தொடங்குவீர்கள். அப்போது அந்த அம்மாளின் மடியில் கொட்டியது காபியா, கொதிக்கும் காபியா? எதற்கும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். தொற்று எந்த வார்த்தையில் ஏறுகிறது என்று ஏறியவருக்குத் தெரிவதில்லை.

போன் எட்டு முறை அடித்துவிட்டது.

சரி, நாலு. ஐந்தாவது இப்போதுதான் அடிக்கிறது.