எல்லைக்கல் பார்த்த படம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாம்புக்குப் பயப்படாதவன் இருப்பான், பேய்க்குப் பயப்படாதவனும் இருப்பான். எல்லைக்கல்லுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து படம் பார்க்கப் பயப்படாதவன் ஒருவனும் இல்லை. நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லைக்கல் என்றதும் கல்லைத் தேடாதீர்கள். இரண்டு காலில் நடமாடுகிற ஆள்தான். கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு. காணி அளக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்களின் வேலிச் சண்டை உங்களுக்குத் தெரியாததா? வேலி அடைக்கிற சாட்டில் ஒரு கதியாலை, அதாவது வேலித் தடியை, பக்கத்து வளவுக்குள் கொஞ்சம் தள்ளி நட்டுவிடுவார்கள். அடுத்த முறை அடைக்கும்போது இன்னும் கொஞ்சம். அந்தக் கதியால்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட வைத்தே சீவியத்தைக் கழித்த மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்கக் காணி இல்லை. சினிமாவை அளக்கத் தொடங்கினார்.

ஏதாவது நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். முதலில் புத்தகத்தை வாங்கி வரி விடாமல் வாசிப்பார். பிறகு புத்தகமும் கையுமாக முதல் காட்சிக்கே போய் நட்டநடுவில் உட்காருவார். படம் புத்தகத்தை விட்டு ஒரு இம்மி விலகட்டும், எழும்பி நின்றுவிடுவார்.

"எல்லை தாண்டிட்டான்."

கத்தினால் பரவாயில்லை, விசரன் என்று விட்டுவிடலாம். கத்தமாட்டார். காணி வழக்கில் சாட்சி சொல்கிற அதே நிதானமான குரல். அது தியேட்டரின் கடைசி வரிசைக்கும் கேட்கும். ஒரு முறை பட்டணத்துத் தியேட்டரில், நாவலில் பாதியிலேயே செத்துப்போகிற கதாநாயகி திரையில் பச்சைச் சேலையோடு மலையுச்சியில் ஆடிக்கொண்டிருந்தாள். இவர் எழும்பிவிட்டார். ரிக்கற் கிழிக்கிறவர் ஓடி வந்து, "ஐயா, தயவுசெய்து வெளியிலை வாருங்கோ" என்று கெஞ்சினார்.

"வாறன். செத்தவளை முதல் இறக்கும்" என்றார் எல்லைக்கல்.

நானும் ஒரு சினிமாப் பைத்தியம்தான். ஆனால் என் கட்சி வேறு. நாவலை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் படம் எதற்கு? எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க மனம் வெதும்புகிறவளைத் திரையில் ஒரு பார்வையில் காட்டிவிடலாம். அதற்காகச் சிலதை வெட்டத்தான் வேண்டும், சிலதைச் சேர்க்கத்தான் வேண்டும். இதை அவரிடம் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"தம்பி, வடிவாக்கிறன் எண்டு சொல்லி உம்மடை வளவுக்கை நான் ஒரு மாமரம் நட்டா விடுவீரோ?"

"மாமரம் எண்டா விடுவன் அண்ணை."

"நீர் விடுவீர். உமக்கு ரோசம் இல்லை."

சினிமாவோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று அச்சடித்து, அவருடைய பெருமைகளைப் பாட்டாகப் பாடி வாசிப்பார்கள். அது பொய்தான் என்று வாசிக்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவருக்கும் தெரியும். அப்படி ஒரு வீட்டில், இறந்தவர் அள்ளி அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று வாசிக்கிறார்கள். எழும்பினார் எல்லைக்கல்.

"எல்லை தாண்டிட்டியள். உந்த வள்ளல் என்ரை வளவுக்கை கதியால் தள்ளி நட்ட மனிசன்."

அன்றைக்கு அவரைச் சாப்பிட விடாமல் அனுப்பினார்கள். நானும் அவரோடு வந்த பாவத்துக்குப் பட்டினி.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் தங்கையின் மகள் மதுரா போய் மாட்டினாள். படம் எடுக்கப் படித்தவள். ஒரு கதை வேண்டும் என்று தேடி, கடைசியில் ரீச்சரின் நாவலில் வந்து நின்றாள். ரீச்சர் என்றால் எல்லைக்கல்லின் மனைவி. தொண்டைமானாற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாவல் எழுதினார். கலியாணம் செய்து கோப்பாய்க்கு வந்த ஒரு ரீச்சரின் கதை. யாருடைய கதை என்று ஊருக்குத் தெரியும்.

அந்த நாவலில் ஒரு குடைக் காட்சி வரும். நல்ல மழை. ரீச்சர் பஸ்ஸால் கோப்பாய்ச் சந்தியில் இறங்குகிறாள். கணவன் ஒற்றைக் குடையோடு காத்து நிற்கிறான். இருவரும் ஒன்றும் கதைக்காமல் வீடு வரை நடக்கிறார்கள், அவனுடைய ஒரு பக்கத் தோள் நனைந்தபடி. அவ்வளவுதான். அதை வாசித்துவிட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் படுத்திய பாடு இருக்கிறதே! மழை பெய்தால் ஒவ்வொரு வீட்டிலும், "அந்த மனிசனைப் பாருங்கோ, நீங்களும் இருக்கிறியள்" என்று கணவன்மாருக்கு ஏச்சு விழும். நானும் வாங்கியிருக்கிறேன்.

அனுமதி கேட்க மதுராவோடு நானும் போனேன்.

"எடு பிள்ளை" என்றார். "ஆனா ஒண்டு. ரீச்சர் எழுதினதை விட்டு ஒரு இடத்திலை எல்லை தாண்டினாலும், அந்த இடத்திலேயே நிப்பாட்டிப்போடுவன். பேந்து ஒரு இடத்திலையும் உந்தப் படம் ஓடாது."

"ஓம் ஐயா" என்றாள் அவள். பிள்ளைக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேலாக நாயாய்ப் பேயாய் அலைந்து படத்தை எடுத்தாள். முதல் காட்சி எங்கள் சனசமூக நிலையத்து மண்டபத்தில், பின்னேரம். வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தெரிவு செய்கிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் மதுரா அடுத்த படம் எடுக்கலாம். பிடிக்காவிட்டால், தயாராக ஒரு சுவிஸ் மாப்பிள்ளை இருக்கிறார் என்று என் தங்கை சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் மதுரா வெளிறிய முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"மாமா, ரண்டு இடத்திலை மாத்திப்போட்டன்."

"எங்கையடி?"

"புத்தகத்திலை துலாக் கிணறு. எனக்கு மோட்டர் பூட்டின கிணறுதான் கிடைச்சுது. கடைசிக் காட்சி தொண்டைமானாற்றுக் கடற்கரையிலை எடுக்கேலாமல் போச்சு. பட்டணத்துக்குப் பக்கத்திலை, கொழும்புத்துறையிலை எடுத்தனான்."

"அந்த மனிசன் காணி அளந்தவர். நீ கடலையே மாத்திப்போட்டு வந்து நிக்கிறாய்."

"நீங்கள் பக்கத்திலை இருந்து பிடியுங்கோ மாமா. எழும்ப விடாதேங்கோ."

சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத் தங்கை முன் வரிசையில் இருந்தாள். கொழும்பிலிருந்து வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நடுவில். எல்லைக்கல் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ரீச்சரின் புத்தகம். நான் அவருடைய வலது கையை அன்பாகப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டி லைற்றை நிறுத்தினார்கள்.

கிணறு வந்தது. மோட்டர் இரைகிறது, குழாயால் தண்ணீர் கொட்டுகிறது. இரண்டு கையாலும் பிடித்தேன். மனுசன் அசையவில்லை. புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

"அண்ணை, சுகமோ?"

"பேசாமல் இரும்."

கொழும்புத்துறைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முன்பாகக் குடைக் காட்சி வந்தது. அதில் மதுரா ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாடா என்று கையை விட்டுக் குனிந்து முகத்தைத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லைக்கல் எழும்பி நிற்கிறார்.

"உது நடக்கேல்லை" என்றார்.

படம் நின்றது. திரையில் அந்த நடிகப் பெடியன் குடையோடு உறைந்து நின்றான். மதுரா இருட்டில் தட்டுத்தடுமாறி ஓடி வந்தாள்.

"ஐயா, புத்தகத்திலை உள்ளபடியேதான் எடுத்தனான்."

"தெரியும் பிள்ளை. உன்னிலை பிழை இல்லை. ரீச்சர் அப்பிடித்தான் எழுதினவ. நான்தான் போகேல்லை."

திரும்பி மண்டபத்தில் இருந்த எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"குடை சுவரிலை கொழுவிக் கிடந்தது. நான் ஒரு காணி வரைபடம் கீறிக்கொண்டு இருந்தனான். முடிச்சிட்டுப் போவம் எண்டு இருந்திட்டன். அவ மழையிலை தோய்ஞ்சு போய் வந்தா. ஒண்டும் சொல்லேல்லை. தலையைத் துடைச்சுப்போட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா." கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "புத்தகம் அச்சாகி வந்தாப்பிறகு கேட்டனான். இஞ்சாரும், நான் எங்கை குடை கொண்டு வந்தனான், ஏன் உப்பிடி எழுதினனீர் எண்டு. சிரிச்சா. ஊரெல்லாம் என்னை நல்லவன் எண்டுது, நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். வாசிக்கேக்கை சமாளிச்சுப்போட்டன். இப்ப அந்தப் பெடியன் நிக்கிறதைக் கண்ணாலை பாக்க ஏலாமல் கிடக்கு."

அந்த மனிதரின் பெயரைச் சொல்லி எங்களை ஏசிய பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தி விக்கி அழுகிற சத்தம் கேட்டது. கொழும்பிலிருந்து வந்தவர் திரும்பி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

"அப்ப, வெட்டிவிடட்டோ ஐயா?" என்று கேட்டாள் மதுரா.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாட்சி சொல்கிற குரல் எங்கேயோ போய்விட்டது.

"வேண்டாம். திருப்பி ஒருக்கால் போடு பிள்ளை. அவ பஸ்ஸாலை இறங்கிறதிலை இருந்து."

போட்டாள். பஸ் வந்தது, மழை பெய்தது, அவள் இறங்கினாள். எல்லைக்கல் நின்றபடியே பார்த்தார். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது, கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். குடை அவள் தலைக்கு மேலே வந்த பிறகுதான் மெல்ல உட்கார்ந்தார்.

கடைசிக் காட்சியில் கடல் வந்தபோது என் பக்கம் சாய்ந்தார்.

"உது கொழும்புத்துறை."

"ஓம் அண்ணை."

"எனக்குத் தெரியாது எண்டு நினைச்சியளோ?"

அவ்வளவுதான். எழும்பவில்லை.

கொழும்புக்காரர் படத்தைத் தெரிவு செய்தார். சுவிஸ் மாப்பிள்ளை வேறு இடத்தில் கலியாணம் செய்து சுகமாக இருக்கிறார். எல்லைக்கல் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன மாதம் பட்டணத்தில் இன்னொரு நாவல் படமாகி வந்தது. இடைவேளைக்கு முன்பே எழும்பினார், வெளியே அனுப்பினார்கள். நல்ல படம், எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நானும் எழும்பி அவரோடு வந்துவிட்டேன்.

இருவரும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தோம். மிச்சக் கதையை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார், புத்தகத்தில் உள்ளபடி, ஒரு ஆளையும் விடாமல். நான் இடையில் ஒன்றும் கதைக்கவில்லை. கோப்பாய்ச் சந்தி அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.