ஞாயிற்றுக்கிழமை நட்டு

மாடம்பாக்கம் தேவானந்தத்துக்கு உலகத்தில் இரண்டு பேரிடம் பயம். ஒருவர் மனைவி ஞானஜோதி. இன்னொருவர் ஞானஜோதியைப் பெற்றவர். முதல் பயத்துக்கு மருந்து கிடையாது என்று கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துகொண்டு அதோடு சமாதானமாகிவிட்டார். இரண்டாவது பயத்துக்கு மட்டும் அவரிடம் ஒரு நட்டு இருந்தது.

நட்டுக்கு முன்னால் மாமியார். ரோஸ்லின் அம்மாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வேலையிலிருந்துதான் ஓய்வு, தலைமையிலிருந்து இல்லை. முடிச்சூரில் தனியாக இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகளும் மருமகனும் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட டைம்டேபிள். போனால், பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று முதலில் கேள்வி கேட்பார். பதில் சரியில்லை என்றால் மகளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். பிறகு சாப்பாட்டுக்கு முன் ஜெபம். அந்த ஜெபத்தில் சொந்தக்காரர்கள் வயது வரிசைப்படி வருவார்கள். திருநெல்வேலிக் கிளை முடிந்து நாகர்கோவில் கிளை தொடங்கும்போது மேஜைமேல் பிரியாணி பழைய சோறாகியிருக்கும். அப்புறம் மூத்த மருமகனின் பதவி உயர்வு. கடைசியில், "நீங்க இன்னும் அதே சீட்ல தானா, மாப்பிள்ளை?"

அதே சீட்தான். பல்லாவரத்தில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷமாக அதே சீட். அதை வாராவாரம் வாயால் சொல்ல வேண்டுமா என்பதுதான் தேவானந்தத்தின் கேள்வி.

இனி நட்டு. அவருடைய வண்டி தொண்ணூற்று நான்காம் வருஷத்துப் புல்லட். அதன் ஹேண்டிலில் இடப்பக்கம் ஒரு குட்டி லிவர் இருக்கும். அழுத்தினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் திறந்து எஞ்சினின் மூச்சை வெளியே விட்டுவிடும். பெரிய வண்டியை லேசாக உதைத்துக் கிளப்ப அப்படி ஒரு வசதி. அந்த லிவரிலிருந்து போகும் கேபிளின் முனையில் ஒரு நட்டு. அதை இரண்டு சுற்று திருப்பிவிட்டால் கேபிள் இறுகிக்கொள்ளும், வால்வு மூடவே மூடாது. எத்தனை உதைத்தாலும் கால் பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி இறங்கும். வண்டி செத்த பிணம். மாலையில் நட்டைப் பின்னால் இரண்டு சுற்று திருப்பினால் உயிர்த்தெழும்.

ஆக, ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து நடந்து வந்ததும் தேவானந்தம் போர்ட்டிகோவில் பத்து உதை உதைப்பார். சட்டை நனையும். நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

"எக்ஸாஸ்ட் வால்வு மறுபடி போச்சு, ஜோதி."

"ஐயோ. அப்ப அம்மா வீடு?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

"என்னமோ போங்க. நான் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

இப்படி இருபது வருஷம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அத்தை என்று அவர் கூப்பிடும் மாமியாரின் பிறந்தநாள் ஆகிய மூன்று நாட்கள் மட்டும் வால்வு ஒழுங்காக மூடும். ஒரு ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரத்தில் முடிச்சூர். அந்த யோசனை ஒரு தடவைகூட ஞானஜோதிக்குத் தோன்றாததை தேவானந்தம் கர்த்தருடைய கிருபை என்று எடுத்துக்கொண்டார். அதைவிட ஆச்சரியம், சில ஞாயிறுகளில் அவர் நட்டைத் திருப்ப மறந்தே போயிருக்கிறார். அன்றைக்கும் வண்டி கிளம்பவில்லை, மறுநாள் தானாகவே கிளம்பியது. வண்டிக்கும் மனசு உண்டு, அதுவும் எஜமானுடைய மனசை அறிந்த மனசு என்று அவர் தீர்மானமாக நம்பினார். இரவில் போர்வை போர்த்துவதுபோல் அதற்கு உறை போடுவார்.

வந்தது வினை. ஒரு ஞாயிறு அத்தையின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"அந்த ஓட்டை வண்டியைக் காயலாங்கடையில போடு. எனக்கு முட்டி வேற சரியில்ல. வாராவாரம் யாராவது வந்து பார்க்கணும். ஜாய்சன் அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை காரும் டிரைவரும் அனுப்பறேன்னு சொல்லிட்டான்."

ஜாய்சன் ஞானஜோதியின் தம்பி. வேளச்சேரிக்காரன், வசதியானவன், அக்கா மேல் உயிர். வண்டியும் போகும், ஞாயிறும் போகும்.

ஞானஜோதி காலத்தை வீணாக்குகிறவள் இல்லை. அடுத்த சனிக்கிழமையே மெக்கானிக் சிட்டிபாபு வண்டியை விலைக்குப் பார்க்க வந்து நின்றான். குந்தி உட்கார்ந்து கேபிளைத் தடவினான்.

"வண்டி நல்லாதான் கீது சார். ஆனா இந்த நட்டு இன்னா இப்டி தேஞ்சு கீது? வாராவாரம் திருப்பிகினு இருந்த மாதிரி."

"பழைய வண்டிப்பா," என்றார் தேவானந்தம் அவசரமாக.

"ஸ்பேனர் பட்ட தேய்மானம் ஒரு பக்கம் கீது. இந்தாண்ட பாரு, பல்லு பல்லா கீது. இது ஸ்பேனர் இல்ல சார்."

அவன் நிமிர்ந்து தேவானந்தத்தைப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற ஞானஜோதியைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, "யோசிச்சிச் சொல்லுங்க சார், புதன்கிழமை வரேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

புதன்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. தேவானந்தத்துக்குத் தூக்கம் போயிற்று. திங்கட்கிழமை காலை காபி டம்ளரை எடுத்தபோது அதன் அடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. 'விரைவுத் துணை மருத்துவ உதவிக் குழு. ரத்த மாதிரிகளையும் அவசர மருந்துகளையும் கொண்டுசேர்க்க, சொந்த மோட்டார் சைக்கிள் உள்ள தொண்டர்கள் தேவை.' அவர் இரண்டு தடவை படித்தார். சேவையில் இருக்கும் வண்டியை எந்த மாமியார் காயலாங்கடைக்கு அனுப்ப முடியும்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அன்று மாலையே சேலையூரில் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஜோசலினைப் போய்ப் பார்த்தார். ஜோசலின் ஞானஜோதியோடு கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். சிரித்த முகம், ஆனால் விதிகளில் கறார்.

"வண்டி ஒரே உதையில கிளம்பணும் அண்ணா. டியூட்டி நேரத்துல கூப்பிட்டா மறுக்கக் கூடாது. பின் சீட்ல மருந்துப் பெட்டியை போல்ட் போட்டு மாட்டிடுவோம். அப்புறம் யாரையும் பின்னால ஏத்தக் கூடாது."

கடைசி விதியைக் கேட்டதும் தேவானந்தத்துக்கு ஜோசலினைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. டியூட்டி எப்போது வேண்டும் என்று கேட்டதற்கு, ஞாயிறு பத்து முதல் இரண்டு வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து செய்தியை அறிவித்தார்.

"ரூல் அப்படி, ஜோதி. ஆள் ஏத்தக் கூடாதாம்."

"அப்ப நான் எப்படிங்க அம்மா வீட்டுக்குப் போறது?"

"கஷ்டம்தான். ஆனா உயிர் காக்கற வேலை."

ஞானஜோதி பெருமூச்சு விட்டாள். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தாள். "கார் வேண்டாம்மா. அவர் மருத்துவ சேவையில சேர்ந்துட்டார். ஞாயித்துக்கிழமை டியூட்டி. அவர் ரோட்டுல இருக்கும்போது வீட்டுல போனை நான்தான் பார்க்கணும்." தனக்காக, பெற்ற தாயிடமே பொய் சொல்லும் மனைவியைத் தேவானந்தம் நன்றியோடு பார்த்தார். சேவை என்றதும் அத்தை அடங்கிவிட்டார். சிட்டிபாபு புதன்கிழமை வரவே இல்லை.

ஒரே உதையில் கிளம்ப வேண்டுமே. தேவானந்தம் எஞ்சினின் தலையைக் கழற்றினார். உள்ளே பார்த்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. சில ஞாயிறு மாலைகளில் நட்டை அரைச் சுற்று குறைவாகப் பின்னால் திருப்பிவிட்டு, மறுநாள் வால்வு முழுதாக மூடாமலே ஓட்டியிருக்கிறார். அதில் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் நிஜமாகவே கருகியிருந்தது. இருபது வருஷம் கெட்டுப்போச்சு என்று சொல்லிச் சொல்லி வால்வு உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. கரியைச் சுரண்டினார். வால்வில் பேஸ்ட் தடவி, மரக்குச்சியை மாட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் தேய்த்தார். ஞானஜோதி கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"மோர் கடையச் சொன்னா தோள்பட்டை வலிக்குதுன்னீங்க."

"இது எஞ்சினியரிங், ஜோதி."

"சரி, எஞ்சினியரிங் முடிஞ்சதும் வெண்ணெய் வந்தா கூப்பிடுங்க."

மூன்று மாதம் தேவானந்தத்தின் பொற்காலம். ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் வாங்கினார். அதைக் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போனார். பாதிரியார் பீடத்திலிருந்தே அவர் பெயரைச் சொன்னார். ஸ்டேட்டஸில் தினம் ஒரு புகைப்படம். ஞாயிறுகளில் பாதி நாள் கூப்பிடவே மாட்டார்கள். ஜாக்கெட்டோடு சோபாவில் படுத்து டியூட்டி பார்ப்பார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூப்பிட்ட நாட்களில் மனுஷன் ஓடினார். ஒரு மழைநாளில் பள்ளிக்கரணையில் ஒரு பெரியவருக்கு மருந்து கொண்டுபோனபோது, அவர் மகள் பெட்டியை வாங்கிக்கொண்டு தேவானந்தத்தின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதே சீட்டில் இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை. அதை மட்டும் ஸ்டேட்டஸில் போடவில்லை.

அப்புறம் அந்த ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் ஞானஜோதி சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னைக்குப் பெட்டியைக் கழட்டிடுங்க. அம்மாவைப் பார்த்து மூணு மாசம் ஆச்சு. ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம். ஜோசலின்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தேவானந்தம் யோசிக்கவே இல்லை. இருபது வருஷப் பழக்கம். அவள் புடவை மாற்ற உள்ளே போன நேரத்தில் கை தானாக ஸ்பேனரை எடுத்தது. இரண்டு சுற்று. ஸ்பேனர் சட்டைப்பைக்குள் போயிற்று. பத்து உதை.

"எக்ஸாஸ்ட் வால்வு, ஜோதி."

"தேய்ச்சு வெச்ச வால்வா?"

"பழைய வண்டி பாரு."

அவள் உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள். அப்போது போன் அடித்தது. ஜோசலின்.

"அண்ணா, அவசரம். சின்னக் குழந்தைக்கு ஊசி மருந்து. சேலையூர்ல எடுத்து முடிச்சூர்ல ஒரு ஃபிரிட்ஜுல சேர்க்கணும். ஐஸ் ஒரு மணி நேரம்தான் தாங்கும். வேற ரைடர் யாரும் இல்ல. கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேன்மா," என்றார் தேவானந்தம். வண்டி கிளம்பவில்லை. கிளப்ப வேண்டுமானால் நட்டைத் திருப்ப வேண்டும். திருப்பினால் இருபது வருஷ ரகசியம் கீரைக்கட்டு முன்னால் அம்பலம்.

"ஜோதி, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்."

"சொம்பு உங்க பக்கத்துலயே இருக்கு."

"கேட்டுக்கு வெளிய யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு, பாரேன்."

"யாரும் இல்ல."

வியர்வை இப்போது நிஜ வியர்வை. ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். பள்ளிக்கரணையில் கையைப் பிடித்த அந்தப் பெண்ணின் முகம் வந்தது. மானம் போனால் போகிறது என்று சட்டைப்பையில் கைவிட்டு ஸ்பேனரை வெளியே எடுத்தார். வியர்வைக் கையிலிருந்து அது நழுவி, கழிவுநீர்க் குழியின் கம்பி வலைக்குள் விழுந்து போயிற்று.

ஞானஜோதி எழுந்து உள்ளே போனாள். சூடான பாத்திரத்தை இறக்கும் இடுக்கியோடு திரும்பி வந்தாள். அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, இடுக்கியால் நட்டைப் பிடித்துப் பின்னால் இரண்டு சுற்று திருப்பினாள். சரியாக இரண்டு.

"உதைங்க. நேரமாகுது."

ஒரே உதை. புல்லட் கிளம்பியது. தேவானந்தம் திருதிருவென்று விழித்துக்கொண்டே சேலையூருக்குப் பறந்தார். அங்கே மருந்தை வாங்கிப் பெட்டியில் வைத்த பிறகுதான் போனில் வந்திருந்த முகவரியைப் பார்த்தார். அத்தை வீடு.

ரோஸ்லின் அம்மாள் கேட்டிலேயே காத்திருந்தார். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அந்தத் தெருவில் நனையாத ஒரே ஃபிரிட்ஜ், மாடியில் இருந்த அவருடையதுதான். அன்றிலிருந்து தெருவில் யாருக்கு மருந்து வந்தாலும் அதில்தான் இருக்கும். பக்கத்து ஒற்றை அறை வீட்டில் அந்தக் குழந்தை. மருந்து உள்ளே போயிற்று. ஐஸ் இன்னும் கரையவில்லை.

"உட்காருங்க மாப்பிள்ளை. இன்னைக்குப் பிரசங்கம் என்ன?"

பிரசங்கம், ஜெபம், ஆறிய பிரியாணி, எல்லாம் நடந்தது. ஒரே ஒரு வித்தியாசம், ஜெபத்தில் தேவானந்தத்தின் பெயர் மூத்த மருமகனுக்கு முன்னால் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது காய்வதற்குள் அத்தை சொன்னார்.

"இந்த ஊசி வாராவாரம் ஞாயித்துக்கிழமை. குழந்தைக்குப் பன்னெண்டு வயசு ஆகற வரைக்கும். நீங்கதான் கொண்டுவருவீங்கன்னு ஜோதி ஜோசலின்கிட்ட எழுதிக் கொடுத்துட்டா."

"குழந்தைக்கு இப்ப என்ன வயசு, அத்தை?"

"நாலு."

மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பினார். ஞானஜோதி அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள். கன்னத்தில் தலையணையின் கோடு.

"உனக்கு நட்டு விஷயம் எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வாராவாரம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கணுமே. உங்களை அவங்க சீட்டைப் பத்தித்தான் கேப்பாங்க. என்னைப் பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் கேப்பாங்க."

"அந்த நோட்டீஸ்..."

"டம்ளருக்கு அடியில நான்தான் வெச்சேன். கார் வந்தா ரெண்டு பேரும் போகணும். பெட்டி போனா ஒருத்தர் போதும். இன்னைக்கு ரெண்டு பேரும்னு சொன்னது, நீங்க நட்டைத் தொடுவீங்களான்னு பார்க்கத்தான்."

தேவானந்தம் போர்ட்டிகோவைப் பார்த்தார். புல்லட் சூடாக நின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே ஆறுதலை அவர் விடவில்லை.

"எது எப்படியோ, ஜோதி. நான் நட்டைத் தொடாத அன்னைக்குக்கூட அது கிளம்பலை. அதுக்கு என் மேல ஒரு பாசம்."

ஞானஜோதி கொட்டாவி விட்டாள்.

"படியில இடுக்கி கிடக்கு, சோப்பு போட்டுக் கழுவி வைங்க. நீங்க மறந்துபோன ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்தக் கிரீஸை நானேதான் கழுவினேன்."