எலும்பு ஐயாவின் வெள்ளைக் குச்சி

ஞாயிறு காலை ஆறு மணிக்கே மண்டபத்து வாசலில் தொடங்கும் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். இடுப்பு வலிக்காரர்கள், முழங்கால் வலிக்காரர்கள், எந்த வலியும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறாரே என்று வந்தவர்கள், எல்லாருக்கும் எலும்பு ஐயாவைப் பார்த்தாக வேண்டும். வரிசையை ஒழுங்குபடுத்த, சட்டையில் அட்டை குத்திக்கொண்டு ஒரு தொண்டன் நிற்பான். அந்த அடிமுட்டாள் நான்தான்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். பத்தொன்பது வருடமாக, தினம் நாற்பது பேருடைய எலும்பைப் பார்க்கிறேன். சிரித்தாயிற்றா? மேலே போகலாம்.

ஐயாவின் வித்தை இதுதான். வெள்ளைக் குச்சியால் உங்கள் முன்கையில் அழுத்தி ஒரு சொல் எழுதுவார். மை கிடையாது. ஐந்து நிமிடத்தில் அந்த எழுத்து சிவந்து, தடித்து, தோலுக்கு மேல் எழும்பி நிற்கும். "எலும்பு பேசிடுச்சு! இனிமே மாத்திரை எதுக்கு? எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்பார். கூட்டம் கைதட்டும். எழுத்து எழும்பாதவர்களுக்கு நம்பிக்கை குறைவாம். நான் அங்கே போன ஆறு வாரமும் எனக்கு எழும்பவில்லை. தொண்டனுக்கே நம்பிக்கை குறைவென்றால் வெளியில் சொல்ல முடியுமா? முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டேன்.

அக்காவுக்கு முதல் நாளே எழும்பியது. அவள் தையல்காரி, வயது நாற்பத்திரண்டு. பல வருடமாக உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு. துணிக்கட்டைத் தூக்கும்போது முதுகெலும்பில் ஒன்று நசுங்கிப்போனது. அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்னார். நான் மண்டபத்துக்கு அழைத்துப்போனேன்.

அதோடு விட்டேனா? எழுத்து எலும்பில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்க அவள் கையை எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் எலும்பு இருந்தது, எழுத்து இல்லை. வேறு எவனுக்கும் அங்கேயே புத்தி வந்திருக்கும். நானோ, தெய்வீக எழுத்து எக்ஸ்ரேயில் விழாது என்று முடிவுகட்டினேன்.

நான்காவது வாரம் அக்கா தும்மினாள். விலா எலும்பு ஒடிந்தது.

"பழைய எலும்பு போகுது, புது எலும்பு வருது," என்றார் ஐயா. நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஆட்டவில்லை. என்னிடம் சொல்லாமலே டாக்டரிடம் போய், ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்த அன்று தன் தையல் கடையில் என்னை உட்காரவைத்தாள்.

"டாக்டர் பேனா மூடியால என் கையில கீறினார்டா. அதே தடிப்பு. தோலுக்கடியில சில செல் இருக்காம், கீறினா ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனத்தைக் கக்குமாம். அதான் எழுத்து."

"அதுக்கும் எலும்புக்கும் என்னக்கா?"

"தடிப்பு வர்றவங்க எல்லாருக்கும் எலும்பு கெடாதாம். ஆனா எனக்கு அந்த செல்லே அளவுக்கு மேல இருக்கு, எலும்புக்குள்ளயும். நம்ம எலும்பை உடம்பு எப்பவும் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்குது. ஹிஸ்டமின் கூடிப்போனா பிரிக்கிற ஆளுக்குத் தெம்பு வந்துடும், தைக்கிற ஆளால ஈடுகொடுக்க முடியாது. அப்புறம் துணி என்னடா ஆகும்?"

எதைப் பார்த்து ஆறு வாரம் கைதட்டினேனோ, அதுதான் அவள் எலும்பை அரித்த திருடனின் கையெழுத்து.

அடுத்த ஞாயிறு அக்கா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ஐயா எழுதினார். ஐந்து நிமிடம் போனது, பத்தும் போனது. தோல் அப்படியே இருந்தது.

"உனக்கு நம்பிக்கை போயிடுச்சும்மா."

"நம்பிக்கை போகலைங்க. டாக்டர் கொடுத்த அரிப்பு மாத்திரையைப் போட்டுட்டு வந்திருக்கேன். அது ஹிஸ்டமினை அடக்கிடும்," என்ற அக்கா, பக்கத்திலிருந்த பேக்கரிக்காரம்மாவிடம் திரும்பினாள். வாராவாரம் தவறாமல் கை தடிப்பவர் அவர். "உங்க கையைக் கொஞ்சம் கொடுங்கக்கா."

குச்சி இல்லை, வெறும் பேனா மூடி. கூட்டம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரம்மாவின் கையில் சிவப்பாக, தடிப்பாக எழும்பி நின்றது: "யோசி".

"அடப்பாவி!" என்றார் அந்தம்மா. ஐயாவுக்கு அதே நொடியில் அவசரமாக ஒரு போன் வந்தது. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனவர்தான்.

கூட்டம் கலைந்தது. ஒரு பெரியவர் மட்டும் என் அட்டையைப் பார்த்து நெருங்கி வந்தார். "தம்பி, அடுத்த வாரம் வேற ஐயா யாராச்சும் வர்றாரா?"

அக்காவுக்கு இப்போது சரியான வைத்தியம் நடக்கிறது. ஆறு வாரத்தை வீணாக்கினேனே என்று அவளிடம் அழுதேன். "கையை நீட்டுடா," என்றாள். பேனா மூடியால் எழுதினாள். காத்திருந்தோம். வழக்கம்போல ஒன்றும் எழும்பவில்லை.

"உனக்குத் தோல்ல ஏறாது. பேப்பர்ல நூறு தடவ எழுது."

எழுபத்துமூன்று முறை "யோசி" எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. மிச்சம் இருபத்தேழை, அந்த வரிசையில் நின்றவர்களே, நீங்கள் எழுதுங்கள்.